பதர்பூர் புகை எங்கே போனது

சிங்கரௌலி, மத்தியப் பிரதேசம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் மகிழ்ச்சி. மூட்டுவலி பற்றி ஒரு வரிகூட இல்லையே. மருந்து கேட்கிறதா, மறைக்கிறாயா?

2018 அக்டோபரில் பதர்பூர் அனல்மின் நிலையத்தை மூடியதும் டெல்லி சுத்தமாகிவிட்டது என்று பெருமை அடித்திருக்கிறாய். அந்த 705 மெகாவாட் உங்கள் ஊர்க் கணக்கிலிருந்து கழிந்தது உண்மைதான். ஆனால் நீ ஏ.சி.யை அணைத்துவிடவில்லையே!

எங்கள் பக்கம் மண்ணுக்கடியில் நிலக்கரி, பக்கத்திலேயே ரிஹந்த் நீர்த்தேக்கம். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அந்தச் சாம்பலையும் சேர்த்து ரயிலில் ஏற்றிக்கொண்டு போவதைவிட, இங்கேயே எரித்துக் கம்பி வழியே அனுப்புவது மலிவு. ரிஹந்திலிருந்து டெல்லி பக்கத்துத் தாத்ரிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மின்தடம் 1990களின் தொடக்கத்திலிருந்தே அதைத்தான் செய்கிறது. இங்குள்ள விந்தியாசல் அனல்மின் நிலையம் மட்டும் 4,760 மெகாவாட்.

நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். உன் ஒன்றரை டன் ஏ.சி. முழுமூச்சாக ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். குளிர் உனக்கு, கணக்கு எங்கள் மாவட்டத்துக்கு. மாவட்டத்துப் புகையைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் எங்கள் பால்காரர் பெரிய குற்றவாளி. அவர் வீட்டில் இருப்பது இரண்டு பல்பும் ஒரு மின்விசிறியும்.

நம் தமிழ்நாடும் தப்பவில்லை. 2003 முதல் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வழியாகத் தெற்கே மின்சாரம் போகிறது. முப்பந்தல் காற்றாலைகளைக் காட்டி மார்தட்டும் உன் தம்பியிடம் இதைச் சொல்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மாநிலத்து ரீவாவின் 750 மெகாவாட் சூரிய மின்சாரத்தில் ஒரு பங்கு டெல்லி மெட்ரோவுக்கு வருகிறது. அது இடம் மாறிய புகை இல்லை, எழாமலே போன புகை.

இங்கே லாரி போகும் சாலையோரம்தான் வீடு. காலையில் உலர்த்திய வேட்டியை மாலையில் உதறினால் கரித்தூள் பறக்கும். மரகதம் இப்போது துணியை உள்ளறையில்தான் போடுகிறாள். டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே, வெள்ளைச் சட்டை எடுத்துவராதே.

அன்புடன்,
கணேசன்