மனை போட்ட காடு

தருமபுரி
வைகாசி 20

அன்புள்ள முருகேசா,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு முட்டி வலிக்கு ஒரு தைலம் வாங்கி வந்திருக்கிறேன். டப்பாவில் கங்காரு படம் இருக்கும். உள்ளே கங்காரு எதுவும் இல்லை என்று நீயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் தொடமாட்டார்கள்.

ஊர் திரும்பி இத்தனை நாளாகியும் ஒரு போன் இல்லை என்று கோவிந்தனிடம் குறைப்பட்டாயாமே. போனில் பேசினால் நீ என்னைப் பேச விடமாட்டாய். நிலத்தை விற்கலாமா என்று நீ வாட்ஸப்பில் கேட்டது கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிற கேள்வியும் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உன் கேலிக்கு ஒரு பதில்.

“காசு செலவு பண்ணி, கடல் தாண்டிப் போய், நூறு நாள் வேலை பார்த்தவன் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான்” என்றாயாம். ஆமாம், பார்த்தேன். அட்டையும் இல்லை, கூலியும் இல்லை. மத்தியானத்துக்கு ஒரு ரொட்டியும் டீயும். போதுமா?

மகள் இருப்பது கெய்ன்ஸில், ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலை. அங்கிருந்து கடலை ஒட்டியே வடக்கே போனால் கரும்புத் தோட்டமாக வரும், பிறகு டெயின்ட்ரீ ஆறு. பாலம் கிடையாது. இரும்பு வடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிற ஒரு மிதவைப் படகில் காரோடு ஏறி அக்கரை போகவேண்டும். உன்னோடு ஒகேனக்கல்லில் பரிசல் ஏறினவனுக்கு அதெல்லாம் ஒரு பயமா? ஆனால் கையைத் தண்ணீரில் விடாதே என்றார்கள். அங்கே இருப்பது உப்புநீர் முதலை. நம் காவிரி முதலையெல்லாம் அதற்குப் பேரப்பிள்ளை.

அக்கரையில் இறங்கியதும் அண்ணாந்து பார்த்தேன், மின்கம்பியே இல்லை. கம்பம் நட்டும் கம்பி இழுத்துமே காலம் போன எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். அரசாங்கக் கம்பி அந்த ஆற்றோடு சரி. அப்பால் குடியிருப்பவர்கள் சோலார், பேட்டரி, ஜெனரேட்டர் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். கரண்ட் வேண்டும் என்று கேட்கிறவர்களும், வந்தால் வீடுகள் பெருகிவிடும் என்கிறவர்களும் பல வருஷமாகச் சண்டை. நான் ரிட்டையர்டு லைன் இன்ஸ்பெக்டர் என்று மருமகன் ஒருவரிடம் சொல்லிவிட்டார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்ததைப் பார்க்கவேண்டுமே!

மழையை மட்டும் நீ நம்பமாட்டாய். நமக்கு வருஷம் முழுக்க எண்ணூறு தொள்ளாயிரம் மில்லிமீட்டர் பெய்தால் ஏரி நிறைந்தது என்று பொங்கல் வைக்கிறோம். அங்கே சராசரியே நாலாயிரத்தை ஒட்டி. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயல் வந்தபோது அந்தப் பக்கத்தில் சில இடங்களில் ஐந்தே நாளில் இரண்டாயிரத்தைத் தாண்டியதாம். மலைச்சாலை சரிந்து ஊரே துண்டித்துப் போயிருக்கிறது. சரிவு விழுந்த தழும்புகள் இன்னும் தெரிகின்றன.

மலையேற்றமும் உண்டு. மவுண்ட் சாரோ என்று ஒரு மலை. வேரைப் பிடித்து ஏறி, வேரைப் பிடித்து இறங்கவேண்டும். வழியில் பிரம்புக்கொடி. முள் எல்லாம் கொக்கி. மருமகனின் தொப்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சட்டைக் காலரையும் பிடித்து நிறுத்திவிட்டது. முன்னே இழுத்தால் கிழியும். பின்னே ஓரடி வந்து நிதானமாகக் கழற்றவேண்டும். அதைவிட மோசம் ஜிம்பி ஜிம்பி. இதய வடிவத்தில் இலை, பார்க்கப் பாவம்போல இருக்கும். தொட்டால் கண்ணாடி ஊசி மாதிரி மயிர்கள் தோலுக்குள் இறங்கிவிடும். வலி மாதக்கணக்கில் இருந்துகொண்டே இருக்குமாம். நம் செந்தட்டியெல்லாம் சும்மா. மலை உச்சியில் நின்றால் கீழே காடு கடல்மணல் வரைக்கும் போகிறது, அதற்கப்பால் பவளப்பாறை. அவ்வளவு நல்ல கடலில் குளிக்கமுடியாது. கோடையில் ஜெல்லி மீன், மற்ற நாளில் முதலை. கரையில் கம்பத்தில் வினிகர் பாட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள், ஜெல்லி மீன் பட்டால் ஊற்ற.

சரி, வேலைக்கு வருகிறேன். காட்டைத் திரும்ப நடுகிற வேலை. ஒரு காலத்தில் மாடு மேய்க்க வெட்டிச் சாய்த்த இடம். இப்போது ஆள் உயரத்துக்குப் புல். என்ன புல் தெரியுமா? நீ மாட்டுக்கு வெட்டிப் போடுகிற அதே கினியாப் புல்! அது இருக்கிற வரைக்கும் காட்டு மரம் எதுவும் முளைக்காது. முதலில் மருந்தடித்துக் கொல்கிறார்கள். நான் முகத்தைச் சுளித்தேன், நீ நிச்சயம் சிரித்திருப்பாய். பிறகு ஒன்றரை, இரண்டு மீட்டருக்கு ஒரு கன்று என்று நெருக்கமாக நடுகிறார்கள். பல ஜாதி கலந்து, வேகமாக வளர்ந்து குடை விரிக்கிற மரங்களும் இடையிடையே. இரண்டு மூன்று வருஷத்தில் தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிழல் கட்டினால் புல் தானாகச் செத்துவிடும். அதுவரைக்கும் களையெடுப்பு. நட்ட அன்றைக்குக் கூட்டம் திருவிழாபோல வருகிறது, களையெடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அது எந்த ஊரிலும் அப்படித்தான்போல.

நான் முட்டிபோட்டு நட்டது கொஞ்ச நேரம்தான், இடுப்பு பிடித்துக்கொண்டது. நாற்றுப்பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எனக்குக் கிடைத்த உத்தியோகத்தைக் கேள்: பறவைச் சாணி அலசுவது.

கேசோவரி என்று ஒரு பறவை. ஆள் உயரம், பறக்காது, நீலக் கழுத்து, தலையில் கொம்பு மாதிரி ஒரு கொண்டை, உள்விரலில் கத்திபோல நகம். ஆண்தான் அடைகாக்கும், குஞ்சுகளை மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு திரிவதும் அதுவே. முட்டையிட்ட கையோடு பெண் கிளம்பிவிடும். தங்கச்சியிடம் இதைச் சொல்லாதே. பெரிய பழங்களை முழுசாக விழுங்கிவிட்டு எங்கோ போய் அப்படியே போட்டுவிடும். அந்தக் காட்டில் பெரிய கொட்டை உள்ள பல மரங்களுக்கு அதை விட்டால் தூக்கிக்கொண்டு போக ஆளில்லை. ஒரு குவியலை வாளியில் கொண்டுவந்து சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டேன். புளித்த பழ வாடை, நாற்றம் என்று சொல்லமுடியாது. நீலத் தோல்கள் கழன்று மிதந்தன, அடியில் கொட்டைகள். ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தால், முருகேசா, ருத்ராட்சம்! கோடு கோடாக, முண்டும் முடிச்சுமாக, அசல். புளூ குவாண்டாங் என்கிறார்கள், ருத்ராட்ச மரத்தின் இனம்தான். தீர்த்தமலை அடிவாரத்தில் நம் ஆடிட்டர் சாமி பேரம் பேசி வாங்கினாரே, அவரிடம் இது எங்கிருந்து வெளியே வருகிறது என்று சொன்னால் கழுத்தில் இருப்பதைக் கழற்றிவிடுவாரா என்று பார்க்க ஆசை.

அந்தக் கொட்டைகளில் பலதைக் காயவைத்துச் சேமிக்கமுடியாது. நம் மாங்கொட்டை மாதிரிதான், காய்ந்தால் உயிர் போய்விடும். எடுத்த கையோடு மண்ணில் ஊன்றிவிடவேண்டும். ஆகவே பறவை இருந்தால்தான் விதை, விதை இருந்தால்தான் பண்ணை. சாலையோரத்தில் கேசோவரி படம் போட்ட பலகை, அதன் கீழே வேகத்தடைப் பலகை. எவனோ ஒரு குறும்பன் அந்த மேட்டிலேயே மூக்கும் காலும் வரைந்து, பறவை அடிபட்டுக் கிடக்கிற மாதிரி ஆக்கியிருக்கிறான். மேலே ‘முன்’, கீழே ‘பின்’. சிரித்துவிட்டுத்தான் யோசித்தேன். காரிலும் நாயிலும்தான் அவை அதிகம் சாகின்றன.

காருக்கும் நாய்க்கும் காட்டுக்குள் என்ன வேலை? இதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன்.

1980-களின் தொடக்கத்தில் அந்த மாநில அரசாங்கத்தின் அனுமதியோடு, ஆற்றுக்கு வடக்கே இருந்த தாழ்நிலக் காட்டை 1,100-க்கும் மேற்பட்ட மனைகளாகப் பிரித்துவிட்டார்கள். வாங்கினவர்கள் நிறைய பேர் தூரத்து நகரத்துக்காரர்கள், விளம்பரம் பார்த்து வாங்கினவர்கள். கொஞ்சம் பேர் வீடு கட்டினார்கள், கொஞ்சம் பேர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீடு கட்டினவன் வண்டி போக வழி வெட்டினான், வேலி போட்டான், நாய் வளர்த்தான், வாசலில் வெளியூர்ப் பூச்செடி வைத்தான். அந்தச் செடி காட்டுக்குள் இறங்கிவிட்டது. 1983 டிசம்பரில் கடலோரமாக ரோடு போட புல்டோசர் வந்தபோது, ஜனங்கள் கழுத்தளவு மண்ணில் தங்களைப் புதைத்துக்கொண்டும் மரத்தில் சங்கிலி போட்டுக்கொண்டும் மறித்தார்கள். ரோடு மறுவருஷம் போட்டாகிவிட்டது. ஆனால் அந்தக் கூச்சல் நாடு முழுக்கக் கேட்டு, 1988-ல் மாநில அரசு வேண்டாம் வேண்டாம் என்றும் மத்திய அரசு அந்தக் காட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வைத்தது.

ஆனால் அந்தப் பட்டியல் மனைகளைத் தொடவில்லை. அவை தனியார் பட்டா, கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. மலை காப்பாற்றப்பட்டது. அடிவாரம், அதாவது விசேஷமான மரங்கள் இருக்கிற இடம், துண்டு துண்டாக யார் யார் கையிலோ. இப்போது அரசாங்கமும் தொண்டு அமைப்புகளும் ஒவ்வொரு மனையாக விலை கொடுத்து வாங்கி, புல்லைக் கொன்று, மரம் நட்டு, தேசியப் பூங்காவோடு சேர்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திரம், ஒரு முதலாளி, ஒரு விலை. முதலாளி செத்துப்போயிருந்தால் வாரிசுகள், அவர்களில் ஒருவன் கையெழுத்துப் போடமாட்டான். கூறு போட ஒரு வரைபடம் போதுமாக இருந்திருக்கிறது, ஒட்டுவதற்குப் பல வருஷமாக ஆள் போய்க்கொண்டே இருக்கிறது. நானும் போய்ச் சாணி அலசிவிட்டு வந்தேன். அந்த மண்ணுக்கு முதலிலிருந்தே உரியவர்கள் ஈஸ்டர்ன் குகு யலான்ஜி மக்கள். மனை போட்டபோது அவர்களை யார் கேட்டார்கள்? தேசியப் பூங்காவை 2021-ல்தான் அவர்கள் பெயருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், நிர்வாகமும் கூட்டாக.

உன் செய்தி எனக்கு அந்த நாற்றுப்பண்ணையில் வந்தது. “காட்டை ஒட்டின நாலு ஏக்கருக்குப் பெங்களூர் பார்ட்டி வந்திருக்கு. கால் ஏக்கர் கால் ஏக்கரா பிரிச்சு ஃபார்ம் ஹவுஸ் போடறாங்களாம். நல்ல விலை. என்னடா சொல்றே?” கையில் சல்லடை. என்ன சொல்வது?

நான் உனக்கு உபதேசம் பண்ண வரவில்லை. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் யானையை விரட்டப் பரணில் உட்கார்ந்து, தகரம் தட்டி, பட்டாசு போட்டு, விடியும்போது பார்த்தால் பாதி ராகி போயிருந்தது என்று நீ சொன்ன அன்றைக்கு உன் குரல் எனக்குத் தெரியும். தின்றுபோன ராகிக்கு நான் பாட்டு எழுதிக் கொடுக்கமுடியாது. பெரியவள் கல்யாணக் கடன் இருக்கிறது. பையன் ஓசூர் கம்பெனியை விட்டுவிட்டுக் காட்டுக்காவலுக்கு வரப்போவதில்லை. நிலத்தை விற்கிறவன் குற்றவாளி என்று தருமபுரி டவுனில் ஃபேன் போட்டுக்கொண்டு நான் சொன்னால் நீ காறித் துப்பலாம்.

ஆனாலும் கேள். 2022-ல் காவிரி தெற்கு சரணாலயம் அறிவித்தார்களே, 686 சதுர கிலோமீட்டர் என்று பேப்பரைப் படித்துக் காட்டினாயே, அதன் கோடு காப்புக்காட்டோடு நிற்கிறது. உன் நிலம் கோட்டுக்கு வெளியே. பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக ராகிப் பருவத்தில் இறங்குகிற யானைக்கு அந்தக் கோடு தெரியாது. உன் தெற்கு வரப்புதான் அதற்கு ரோடு. இன்றைக்கு அங்கே நீ ஒருத்தன் தகரம் தட்டுகிறாய். நாளைக்குப் பதினாறு வேலி, பதினாறு போர்வெல், பதினாறு நாய், சனி ஞாயிறுக்கு ஸ்பீக்கர். வேலியில் முட்டிக்கொண்டு யானை திரும்பிப் போய்விடுமா? பக்கத்தில் வேலி போட வசதியில்லாத சின்னப்பையன் அண்ணன் வயலுக்குள்தான் இறங்கும். கம்பம் நட ஆளும் வரும், எனக்கு அந்த வேலை தெரியும். ஒரு வீட்டுக்கு என்று போன லைன் ஒரு வீட்டோடு நின்று நான் பார்த்ததே இல்லை.

விற்பதானால் வில். முழுசாக, விவசாயம் பண்ணுகிறவனுக்கு வில், விலை குறைவாக இருந்தாலும். அந்தக் குறைவை நீ மட்டும் ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்பாய். நியாயம். உன் தங்கையிடம் பேசினேன், அதாவது என் வீட்டுக்காரியிடம். பணிக்கொடையில் மீதி இருப்பதை வைத்துக் காட்டை ஒட்டின ஒன்றரை ஏக்கரை நான் கிரயம் வாங்கிக்கொள்கிறேன், அந்தப் பார்ட்டி சொன்ன விலைக்கே. கல்யாணக் கடன் அதில் அடைந்துவிடும் என்று நினைக்கிறேன். மீதியை நீ உழு. என் பங்கில் ராகி வேண்டாம், புங்கனும் ஆச்சாவும் புளியும் வைத்துச் சும்மா விடுவோம். யானை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். “கடைசிக் காலத்தில் யானைக்கு வாட்ச்மேன் வேலையா?” என்று கேட்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை, உனக்குத் தெரியும் அவள் வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வாள் என்று.

அட்வான்ஸ் வாங்காதே. எதிலும் கையெழுத்துப் போடாதே, முக்கியமாகப் பவர் எழுதிக் கொடுக்காதே. வில்லங்கச் சான்று எடுத்து வை, சிட்டா யார் யார் பெயரில் இருக்கிறது என்று பார். உன் தம்பி பங்கு பிரிந்துவிட்டதா இல்லையா என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டை வந்து போன் பண்ணுகிறேன், பையனை வண்டியோடு அனுப்பு. கோழி அடிக்கவேண்டாம், களியும் கொள்ளுக் குழம்பும் போதும். விலை விஷயத்தைக் கோவிந்தனிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன்,
செல்வராசு