வாங்க ஆளில்லாத இலை

கோத்தகிரி,
ஐப்பசி கடைசி.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மூன்று நாளாக இங்கே மழை விட்டால் மஞ்சு, மஞ்சு விட்டால் மழை. அப்பாவின் ஒன்றரை ஏக்கர் தேயிலையை நான் பார்த்துக்கொள்வதாகப் பேர். மேய்ந்து பார்த்துக்கொள்வது காட்டெருமைதான்.

சினை பிடிக்கட்டும் என்று கண்காம்பை வெட்டிப் பத்து நாளாகியும் உன் வனாமித் தாய் இறால்களில் பாதிக்குச் சினை கட்டவில்லை என்று புலம்பியிருந்தாய். போன வாரம் எனக்கும் ஒன்று நடந்தது. பறித்த இலையை ரோட்டோரம் இறக்கி வைத்துக் காத்திருந்தேன். ஃபேக்டரியில் கோட்டா முடிந்ததாம், லாரியே வரவில்லை. சாக்குக்குள்ளேயே இலை சூடேறிக் கறுத்துவிட்டது. செடியில் குறையில்லை, பறித்தவர்களிடம் குறையில்லை. வாங்கத்தான் ஆளில்லை. அங்கே நின்றபோது உன் இறால்தான் ஞாபகத்துக்கு வந்தது.

மஞ்சள்கருவுக்கான வைட்டலோஜெனின் என்ற புரதத்தில் ஒரு பங்கைச் சினைப்பையே செய்துகொள்கிறது. இன்னொரு பங்கு தலைப்பகுதியில் இருக்கும் கல்லீரல்-கணையத்தில் உண்டாகி, ரத்தத்தோடு மிதந்து வருகிறது. முட்டையின் சவ்வைச் சும்மா கடந்து போக முடியாத பெரிய புரதம் அது. அதைப் பிடிக்கவென்றே முட்டையின் மேல் ஒரு வாங்கிப் புரதம் நிற்கிறது. வைட்டலோஜெனின் வந்து ஒட்டியதும் அந்த இடத்துச் சவ்வு குழிந்து, சுருக்குப்பை போல வாயை இறுக்கிக்கொண்டு உள்ளே கழன்று விழுகிறது. அந்த வாங்கியை டைகர் இறாலில் அடையாளம் கண்டு 2008-ல் எழுதினார்கள். அது உருவாகாமல் தடுக்கும் ஆர்.என்.ஏ.வை ஊசியில் ஏற்றி அதை அடக்கியபோது சினைப்பையில் புரதம் குறைந்தது, ரத்தத்தில் ஏறியது. ரோட்டோரம் கிடந்த என் சாக்கேதான்!

இதில் ஒரு வேடிக்கை: நம் உடம்பில் எல்.டி.எல். கொழுப்பை உள்ளே இழுக்கிற வாங்கியும் இதுவும் ஒரே குடும்பம். எனக்கு எல்.டி.எல். கூடுதல் என்று டாக்டர் திட்டியதை இனி இறால் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

கண்காம்பில் சுரப்பது சினையைத் தடுக்கும் ஹார்மோன். 1943-ல் பனூஸ் என்ற பிரெஞ்சுக்காரர் காட்டிய வழியில்தான் இன்றும் வெட்டுகிறோம். வெட்டினால் பிரேக் போகும், அவ்வளவுதான். வண்டியில் சரக்கு ஏறியதா, இறங்கியதா என்பது வேறு கதை. அந்தக் கத்தரிக்கோலை நான் விரும்பிப் பிடித்ததில்லை, உனக்கே தெரியும்.

அடுத்த தொட்டியில் கை வைக்குமுன் சினை கட்டாததில் நாலைந்தைப் பிடித்து, ரத்தம் ஒரு சொட்டு எடுத்து, புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார். புரதம் ரத்தத்தில் இருந்தும் சினைப்பை காலி என்றால் கோளாறு வாங்குமிடத்தில். ரத்தத்திலேயே இல்லையென்றால் புழுவும் கணவாயும் சரியாகக் கொடுக்கிறார்களா என்று பையன்களைக் கேள். சட்டை உரிக்கப் போகிற தாயை வெட்டினார்களா என்றும் விசாரி.

பொங்கலுக்கு வீட்டோடு வா. ஸ்வெட்டர் இங்கே இருக்கிறது. மரக்காணத்துக் கருவாடு மட்டும் நீ கொண்டு வரணும்.

உன்,
ராஜு