பற்று நோட்டும் பெய்ஸ்லி மில்லும்

விக்கிரமசிங்கபுரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம்தானே?

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ வந்தது. ஆற்றோரம் ஐந்தாறு மாடிக்குச் செங்கல் கட்டடம், அதை ஒட்டிச் சின்னதாக ஓர் அருவி. கீழே "அப்பா, நம்ம ஊர் மில்லு மாதிரியே இல்ல?" என்று கேட்டிருந்தாய். நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். என்ன செய்ய, போனில் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வந்து விழுகிறது. சொல்ல வேண்டியதும் கொஞ்சம் நீளம். அதனால் நம் மளிகைக்கடையிலேயே நாலு தாள் எடுத்து (காசு கல்லாவில் போட்டுவிட்டேன்) எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரி டூட்டி இல்லாத நாளில் ஏதோ பக்கத்து ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனதாகத்தான் நீ நினைத்திருப்பாய். பெய்ஸ்லியில் நீ நின்றது யார் வாசல் தெரியுமா? அது ஆங்கர் மில். உனக்குப் பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்புக்கு நம் கடை கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பேனே, நங்கூரம் போட்ட பூத்தையல் நூல், அந்த ஆங்கர்தான். அதைக் கட்டியது கிளார்க் குடும்பம். அதே ஊரில் கோட்ஸ் என்று இன்னொரு நூல் குடும்பம். 1896இல் இரண்டும் ஒன்றாயின. அந்தக் கோட்ஸ் கம்பெனிதான் 1974இல் நம் ஊர் மில்லை வைத்திருந்த மதுரை மில்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. நீ பிறந்ததிலிருந்து பார்த்த பெயர்ப் பலகையில் பாதிப் பெயர், இப்போது நீ நின்ற ஊரிலிருந்து வந்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போயும் நீ நம் மில் வாசலில்தான் நின்றிருக்கிறாய்!

சரி, இங்கே மில் ஏன் வந்தது என்று நீ எப்போதாவது யோசித்தாயா? சின்ன வயதில் நான் யோசித்ததில்லை. மலை மாதிரி, ஆறு மாதிரி அதுவும் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். பஞ்சு விளைகிற இடமா இது? சுற்றிலும் வயல், வாழை. பஞ்சு விளைந்தது கோவில்பட்டி, எட்டையபுரம், விளாத்திகுளம் கரிசலில். கருங்கண்ணிப் பருத்தி. 'தின்னவேலி' என்று லிவர்பூல் சந்தையில் தனிப் பெயரே இருந்த பஞ்சு, தூத்துக்குடியில் கப்பல் ஏறும். அதைப் பொதி கட்டி, இப்படி மேற்கே மலையடிவாரத்துக்கு ஒருவர் ஏன் கொண்டு வர வேண்டும்?

தண்ணீருக்காக. ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், உங்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான், 1880களில் இங்கே வந்து பார்த்தார்கள். நம் பக்கத்துப் பாபநாசத்தில் தாமிரபரணி மலையை விட்டுக் குதிக்கிறது. நமக்கு அது தீர்த்தம். குளித்தால் பாவம் போகும். அவர்களுக்கு அது இன்ஜின். நிலக்கரி வாங்க வேண்டாம், தண்ணீரே மெஷினைச் சுற்றும். கரி செலவு மிச்சமானால் பஞ்சை வண்டியில் ஏற்றி வரும் கூலி கட்டுப்படியாகும். அவ்வளவுதான் கணக்கு. மளிகைக்கடைக்காரன் போடுகிற கணக்குதான், கொஞ்சம் பெரிய நோட்டில். அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்ததே 1900க்குப் பிறகு. அதுவரை திருநெல்வேலியிலிருந்து மாட்டு வண்டிதான். பஞ்சுப் பொதி இந்தப் பக்கம், நூல் அந்தப் பக்கம்.

அடுத்து அவர்கள் எங்கே போனார்கள் பார். தூத்துக்குடியில் கோரல் மில், துறைமுகம். மதுரையில் ரயில் ஜங்ஷனை ஒட்டி ஒரு மில், ரயில். ஒன்றுக்கு அருவி, ஒன்றுக்குக் கடல், ஒன்றுக்குத் தண்டவாளம். மூன்றும் பிற்பாடு ஒரே கம்பெனியாயின. கோரல் மில் என்றதும் உனக்கு ஞாபகம் வரும், பள்ளிக்கூடப் பாடத்தில் வந்தது: 1908 பிப்ரவரி கடைசியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அங்கே நடத்திய வேலைநிறுத்தம். கூலி உயர்வும் வாரத்தில் ஒரு நாள் லீவும் கேட்டார்கள். பத்து நாளுக்குள் ஜெயித்தார்கள். அடுத்த வாரமே வ.உ.சி.யைப் பிடித்து உள்ளே போட்டார்கள், திருநெல்வேலியே கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேனே, இந்த லீவு சும்மா வந்ததில்லை.

அருவியால் வந்த சாதகம் ரொம்ப நாள் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1932இல் நீலகிரி பைக்காராவில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் வரிசையாக மில் வைத்தார்கள். 1944இல் நம் பாபநாசத்திலும் மின்நிலையம் வந்தது. தண்ணீர் பக்கத்தில் இருந்தால்தான் மில் என்ற காலம் முடிந்தது. கம்பி போகிற இடமெல்லாம் மில் வைக்கலாம். நம் ஊரை உண்டாக்கிய காரணம், நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. ஆனால் அதற்குள் இங்கே வீடுகள் வந்துவிட்டன, தெருக்கள் வந்துவிட்டன, உன் தாத்தா ஒரு கடை போட்டுவிட்டார்.

இனி எனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். மில்லுக்குள் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லக் கேள்விதான். கார்டிங், சிம்ப்ளெக்ஸ், ரிங் பிரேம் என்று நூல் நூற்கிற மெஷின்களைப் பற்றி அண்ணாச்சிமார் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். நூலுக்கு நம்பர் உண்டு என்று அவர்கள் சொல்லித்தான் தெரியும். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டு நூல் முப்பது கிலோமீட்டர் நீளம். அதாவது அரைக் கிலோகூட இல்லாத நூலை அவிழ்த்துக்கொண்டே போனால் சேரன்மாதேவி வரை போய்விடலாம். இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தினமும் அரைக் கிலோ பருப்பு நிறுக்கிறவன், என் தராசில் அப்படி ஒன்றும் நிகழ்ந்ததில்லை.

என்னிடம் இருப்பது பற்று நோட்டு, கடன் கணக்கு எழுதுகிற நோட்டு. பரணில் தாத்தா காலத்து நோட்டுகள் உட்படப் பதினேழு கிடக்கின்றன. கரையான் தின்றது போக மிச்சம். மழை பெய்த ஒரு மத்தியானம் இறக்கி வைத்துப் புரட்டினேன். நம் ஊரின் சரித்திரம் அதில் இருப்பது மாதிரி வேறெங்கும் இல்லை, மகளே.

தாத்தா ஆளின் பெயரை எழுதவே மாட்டார். மில்லில் அந்த ஆளுக்குக் கொடுத்த டிக்கெட் நம்பர்தான் எழுதுவார். பக்கத்தில் 'நி' என்றோ 'ப' என்றோ ஓர் எழுத்து இருக்கும். நிரந்தரம், பதிலி. நிரந்தரம் என்றால் மாதம் முழுக்கக் கடன். பதிலி என்றால் ஒரு வாரம். பதிலிக்காரர் காலையில் மில் வாசலில் போய் நிற்பார். ஆள் வராத இடம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் திரும்பி வருவார். திரும்பி வருகிறவரின் நடையைப் பார்த்தே தாத்தா அன்றைக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். பெரும்பாலும் கொடுத்துவிடுவார். ஒருவர் பதிலியிலிருந்து நிரந்தரம் ஆன அன்று 'ப'வை அடித்துவிட்டு 'நி' போட்டிருக்கும். அந்தப் பக்கத்தில் அடுத்த வரி அநேகமாக சீனியும் நெய்யும்தான். பிறகு கொஞ்ச நாளில் பெண் பார்க்கப் போயிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

சங்கு ஊதினால் ஊர் எழும், சங்கு ஊதினால் ஊர் உலை வைக்கும். உனக்கும் ஞாபகம் இருக்கும். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி கூட்டமாக வெளியே வருவார்கள். சம்பள நாளில் கடையில் நிற்க இடம் இருக்காது. தீபாவளி போனஸ் வாரத்தில் ஒரு வருஷப் பாக்கியும் அடையும். துணிக்கடைக்காரர், நகைக்கடைக்காரர், பாத்திரக்கடைக்காரர், நான், எல்லோரும் போனஸ் எத்தனை சதவீதம் என்று மில்காரர்களைவிட அதிகக் கவலையோடு விசாரிப்போம். பேச்சுவார்த்தை இழுத்தால் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

ஆனால் நோட்டைக் கவனமாகப் படித்தால் இன்னொன்று தெரிகிறது. டிக்கெட் நம்பர் ஆம்பளையுடையது. வாரக் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது பொம்பளை. பீடிப் பணம். மில்லில் ஆள் இருந்த வீட்டிலும் திண்ணையில் சுளகு இருக்கும். இலையை ஊறப்போட்டு, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் சேர்ந்தால் இவ்வளவு என்று கூலி. அங்கேயும் நூல்தான், பார்த்தாயா. மில் ஊர், மில் ஊர் என்று எல்லோரும் சொல்கிறோம். பல மாதம் என் கடையை நடத்தியது பீடிதான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவும் எங்களுக்குக் கல்யாணமான புதிதில் சுருட்டியவள்தான். உனக்குத் தெரியாது, அவள் சொல்ல விடமாட்டாள். இப்போது சொல்லிவிட்டேன்.

வயல்காரர்கள் கணக்கு வேறு. நெல் இரண்டு போகம், கார் அறுப்புக்கு ஒரு தரம், பிசான அறுப்புக்கு ஒரு தரம் அடைப்பார்கள். அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் அவர்கள் பக்கம் வெறுமனே நீளும். அந்த வருஷங்களில் மில்காரர் பணத்தை வைத்துத்தான் வயல்காரருக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்கே தெரியாமல் ஒருத்தரை ஒருத்தர் தாங்கியிருக்கிறார்கள், நடுவில் என் கல்லா.

இப்போது 'நி' போட்ட பக்கம் அபூர்வம். மில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. புது மெஷின் வந்த எந்த மில்லிலும் பழைய அளவுக்கு ஆள் வேண்டாம், அது நாடெங்கும் உள்ள கதை. இங்கே பசங்கள் திருப்பூர், சென்னை, சவூதி என்று போய்விட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் வயதானவர்கள். கடன் சொல்வதில்லை, எங்கோ இருக்கும் பிள்ளை போனில் பணம் போடுகிறான், கடையில் டிங் என்று சத்தம் கேட்கிறது. நீ மாதா மாதம் அனுப்புகிறாயே, அதுவும் அந்த டிங்தான். ஒரு காலத்தில் இங்கே நூற்ற லாபத்தில் ஒரு பங்கு உங்கள் ஊர்ப்பக்கம் கப்பலேறியது. இப்போது அங்கிருந்து நீ அனுப்புகிறாய். நோட்டில் இதை வரவு என்று எழுதுவதா, பழைய பாக்கி வசூல் என்று எழுதுவதா? (சிரிக்காதே, ராத்திரி உட்கார்ந்து நிஜமாகவே யோசித்தேன்.)

கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் அங்கே வந்துவிடுங்கள் என்கிறாய். கோபம் இல்லை. ஆனால் "அந்த ஊர்ல இனி என்னப்பா இருக்கு?" என்று கேட்டாயே, அது மட்டும் கொஞ்சம் குத்தியது. அதற்காகத்தான் இத்தனை பக்கம். கோடையில் ஆறு மாதம் வந்து இருக்கிறோம், அம்மாவுக்கும் ஆசைதான். கடையை அதுவரை உன் சித்தப்பா பார்த்துக்கொள்வார். அவர் கடன் கொடுக்காமல் ஆட்களை விரட்டிவிடுவார் என்பதுதான் என் பயம்.

வருவதற்கு முன் எனக்கு ஒரு காரியம் செய். பெய்ஸ்லியில் 1993இல் நூல் மில் வேலை அடியோடு நின்றுவிட்டது என்று படித்தேன். நீ படம் பிடித்த கட்டடத்தில் இப்போது குடியிருக்கிறார்கள் என்கிறார்கள். அங்கே மில்லில் பெரும்பாலும் வேலை பார்த்தது பெண்கள். அப்படி ஒரு பாட்டி உன் வார்டுக்கே சிகிச்சைக்கு வந்திருக்கலாம், கேட்டால் சொல்வார்கள். மில்லைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். மில் வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர் யார், கடன் கொடுப்பாரா, மில் மூடிய பிறகு அந்தப் பாக்கி எல்லாம் என்ன ஆனது, அவர் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேள். விவரமாகக் கேட்டு எழுது. போனில் வேண்டாம், தாளில் எழுது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: அம்மாவுக்கு பெய்ஸ்லி சால்வை வாங்கப்போவதாகச் சொன்னாயாம். அந்த டிசைன் நம் மாங்காய்தான். காஷ்மீர் சால்வையைப் பார்த்து அங்கே நெய்து, அவர்கள் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார்கள். விலை அதிகம் என்றால் விட்டுவிடு, அம்மாவிடம் மாங்காய் பார்டரில் மூன்று சேலை இருக்கிறது.