தாத்தாவின் சவரக்கத்திக்கு ஆணி தட்டுவது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்பாசமுத்திரத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

தாத்தாவின் சவரக்கத்தியில் ஆணித்தலை தேய்ந்து வாஷர் விழுந்துவிட்டது, அரால்டைட் வைத்து ஒட்டலாமா, சின்ன போல்ட் போட்டு முடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

ஒட்டவே ஒட்டாதே தாயி. அந்த ஆணிதான் கத்தி திரும்புகிற அச்சு. பசை உள்ளே இறங்கினால் கத்தி மடங்காது. இழுத்துத் திறக்கப் போனால் பிடி பிளந்துவிடும். போல்ட்டை அளவு பார்ப்பதற்கு மட்டும் போட்டுக்கொள். கத்தி நடுவில் மடங்குகிறதா என்று அதை வைத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடு. அதையே நிரந்தரமாக விட்டால் நாளாக நாளாக நட்டு தளரும், மரை கொம்புப் பிடியை ராவி ஓட்டையைப் பெரிதாக்கும். பித்தளை ஆணியைத் தட்டித் தலை விரித்தால் அந்தத் தொல்லை இல்லை. எப்போதாவது தளர்ந்தாலும் மேலே நாலு தட்டு தட்டினால் இறுகிவிடும். நாளைக்கு வேறொருவர் பிரிக்க வேண்டுமென்றாலும் தலையை ராவினால் போதும்.

கத்தியின் கழுத்தில் 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கும், பார்த்திருப்பாய். ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர் அது. 1938-லேயே அந்தப் பெயரை மற்ற ஊர்க்காரர்கள் போடக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். தாத்தா கடையில் அதை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு, போகப் போக எல்லா சலூனிலும் ஆளுக்கொரு புது பிளேடு என்று மாறியது. நல்ல மாற்றம்தான். கத்தி பெட்டிக்குள் போனது அப்போதுதான். நீ கேட்டு வாங்கிக்கொண்டு போனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கத்தியின் வாயில், அதாவது கூர்ப் பக்கத்தில், டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்று. தேய்ந்த தலை ஆனாலும் மிச்சத்தை ஊசி அரத்தால் ராவி எடு. பிடியில் அரம் படாமல் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள். ஓட்டை போட்ட மரக்கட்டைமேல் வைத்து, முனை மழுக்கிய ஆணியால் பழையதை மெல்லத் தட்டி வெளியே தள்ளு. இரண்டு பிடிக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதே. வால் பக்கத்து ஆணி கெட்டியாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

பிடி எருமைக் கொம்பு. வேறு பழைய கத்தி எதுவும் கைக்கு வந்தால், பிடியைத் துணியால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பார். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலாய்டு. குப்பென்று பற்றிக்கொள்ளும், தீப்பக்கமே கொண்டுபோகக் கூடாது.

ஆணிக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, அதாவது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஓட்டையில் ஆடாமல் நுழைய வேண்டும். கம்பியைச் சிவக்கக் காய்ச்சி இளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ரொம்ப இளகினால் தலை விரிவதற்கு முன்னால் ஆணி உள்ளேயே வளைந்துவிடும், வளைந்த ஆணி கொம்பை உள்ளிருந்து நெருக்கிப் பிளக்கும். கத்தியின் கழுத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய வாஷர், பிடிக்கு வெளியே இரண்டு பக்கமும் வாஷர், மொத்தம் நாலு. உள் வாஷரை விட்டுவிட்டால் இரும்பு கொம்பில் உரசிக்கொண்டே இருக்கும்.

வாஷருக்கு மேலே ஒவ்வொரு பக்கமும் ஆணி முக்கால் மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். கூடுதலாக விட்டால் தலை விரியாமல் சாயும். நுனியை அரத்தால் தட்டையாக, நேராக ராவிக்கொள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தலையும் அந்தப் பக்கமே சாயும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். நூறு கிராம் எடையுள்ள, உருண்டை முனைச் சுத்தியல் எடு. அடியில் கெட்டியான இரும்பு இருக்கட்டும். மேஜைமேல் வைத்துத் தட்டினால் அடியை மேஜை வாங்கிக்கொள்ளும், ஆணி விரியாது. நடுவில் தட்டாதே. ஓரத்திலேயே சுற்றிச் சுற்றித் தட்டு, சுத்தியல் தன் எடையில் விழுகிற அளவுக்கு. பலம் வைத்து அடித்தால் அந்த அடி தலையில் நிற்காது, தண்டுவரை இறங்கிவிடும். கொஞ்சம் தட்டியதும் திருப்பிப் போட்டு மறுபக்கம் தட்டு. ஒவ்வொரு முறையும் கத்தியைத் திறந்து மூடிப் பார். தட்டத் தட்டப் பித்தளை தானே இறுகும், சத்தமும் மாறும். 'டொக்கு' என்றிருந்தது 'டிங்' என்று கேட்க ஆரம்பித்தால் இன்னும் மெதுவாகப் போ.

பாதி திறந்து பிடித்தால் கத்தி தானாக விழக்கூடாது. விரலால் தள்ளினால் தடையில்லாமல் வர வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிடு. இன்னும் கொஞ்சம் என்று கை துறுதுறுக்கும், அப்போதுதான் கொம்பு விரியும். மூடும்போது கத்தி ஒரு பக்கப் பிடியில் உரசினால் மேலே தட்டாதே, வாய் பல்லுப் பல்லாகப் பெயரும். அப்படியே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்.

முடிந்ததும் அச்சில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடு. பிடியில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து வை.

கம்பியும் வாஷரும் தேவைக்கு மேலேயே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எடுத்தவுடன் கத்தியில் தொடங்காதே. இரண்டு மரச்சில்லில் ஓட்டை போட்டு, நடுவே ஒரு தகரத் துண்டை வைத்துத் தட்டிப் பார். அதைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து அனுப்பு. ஆணித்தலை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் கத்தியில் கை வைக்கலாம்.

அன்புடன்,
அப்பா