அடங்கியிருந்தால் அடி விழாதா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளிநாட்டு உயர்கல்வி பற்றி வந்த கட்டுரையில், படிக்கப் போன இடத்தில் நம் பிள்ளைகள் அடங்கி ஒடுங்கி இருந்தால் எந்த வெள்ளைக்காரனும் சீண்டப்போவதில்லை என்று ஒரு வரி இருந்தது. இங்கிலாந்தின் வடகிழக்கில் படிக்கும் நான் விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்திருக்கிறேன். பத்திரிகையை அப்பாதான் என்னிடம் நீட்டினார். அந்த வரியின் கீழே பேனையால் கோடும் போட்டிருந்தார். தங்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மனம் ஆறவில்லை.

நான் அடங்கித்தான் இருந்தேன். பகுதி நேர வேலை முடிந்து இரவு பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இறங்கப் போன இரண்டு பையன்கள், உன் நாட்டுக்கே போய்விடு என்று கத்தி, வினாகிரி ஊற்றிய சிப்ஸ் பொட்டலத்தை என் தலையில் கவிழ்த்தார்கள். சாரதி கண்ணாடியில் பார்த்தார். கதவை மூடினார். பஸ்ஸை எடுத்தார். குளிரங்கித் தொப்பியின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட துண்டுகளை என் அறைத்தோழி ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தாள். எத்தனை முறை கழுவியும் அந்த வினாகிரி வாடை போகவில்லை. மறுநாள் பல்கலைக்கழக அலுவலகத்துக்கும் அவள்தான் கூட வந்தாள். அங்கிருந்தவர், அது இனத்துவேஷம்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று என்னைக் கேட்டார்.

இதை வீட்டில் சொன்னபோது மாமி முதலில் கேட்டது, செய்தவர்கள் கறுப்பர்களா என்று. வெள்ளைப் பையன்கள் என்றேன். நம்பாத மாதிரிப் பார்த்தார். என் தலையைத் துப்புரவாக்கியவள் நைஜீரியாப் பெண் என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்.

2024 ஓகஸ்ட் 4ஆம் திகதி இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள மிடில்ஸ்பரோ நகரில் ஒரு கும்பல் வீதியை மறித்து, வந்த கார்களை நிறுத்தி, நீ வெள்ளையனா, ஆங்கிலேயனா என்று கேட்டதைத் தங்கள் பத்திரிகையும் அறியும். சவுத்போர்ட்டில் சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று பரப்பப்பட்ட பொய்யில் தொடங்கிய கலவரம் அது. காருக்குள் இருந்தவர் அடக்கமானவரா, வரி கட்டுபவரா, ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போகிறவரா என்று அங்கே ஒருவரும் விசாரிக்கவில்லை. தோலைப் பார்த்தார்கள். 1993 ஏப்ரலில் லண்டனில் இனவெறி பிடித்த வெள்ளை இளைஞர்களின் கத்திக் குத்துக்குப் பலியான ஸ்டீபன் லோரன்ஸ் 18 வயதுக் கறுப்பின மாணவன். பஸ்ஸுக்காகக் காத்து நின்றவன். இதைவிட அடக்கமாக எப்படி நிற்பது? அவனுடைய பெற்றோர் வாய் திறந்தபடியே இருந்ததால்தான் 1999இல் மக்பேர்சன் அறிக்கை வந்தது. லண்டன் பொலிஸுக்குள் ஊறியிருந்த இனவாதத்தை அரசாங்கம் நியமித்த விசாரணையே எழுதி வைத்தது. இருவருக்குத் தண்டனை கிடைக்க 2012 ஆகிவிட்டது. அந்தத் தாய் தகப்பனுக்கும் யாராவது அடங்கியிருக்கச் சொல்லித்தான் இருப்பார்கள்.

வெளிநாட்டை விடுங்கள். இந்த அறிவுரையை நாம் கொழும்பிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? பஸ்ஸில் தமிழில் உரக்கப் பேசாதே, சோதனைச் சாவடி வருமுன் பொட்டை அழித்துவிடு என்று சொல்லித்தான் எங்கள் அம்மாமார் எங்களைக் கூட்டிப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, பயம் அப்படி. என் அப்பப்பா அரசாங்க எழுதுவினைஞர், சிங்களம் சரளமாகப் பேசியவர், அயலில் ஒருவரோடும் முரண்படாதவர். 1983 ஜூலையில் தமிழர் வீடுகளைத் தேடி வாக்காளர் பட்டியலோடு வந்தவர்கள் அவருடைய நற்குணத்தைப் பட்டியலில் தேடவில்லை. வீடு எரிந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பியதை ஆசிரியராகிய தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. லொட்ஜ் அறையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் வைத்துக்கொண்டு படுத்திருந்தவர்களைவிட அடங்கியவர்கள் யார்? மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு வழக்குப் போட்டதால். யாரோ ஒருவர் வாய் திறந்ததால்.

அதே பக்கத்தில், கட்டுரையைச் சுற்றிலும் வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் விளம்பரங்கள். சிரித்த முகங்கள், பட்டமளிப்புத் தொப்பிகள். வீசா விண்ணப்பத்தோடு சுகாதாரக் கட்டணமாக மட்டும் ஆண்டுக்கு 776 பவுண்ட் கட்டிவிட்டுத்தான் நாங்கள் போகிறோம். அந்த மண்ணில் ஓசியில் இருக்கவில்லை. வீட்டை ஈடு வைத்து மகளை அனுப்பிய அப்பா, அங்கே அவளுக்கு நேர்ந்ததற்கு அவளுடைய அடக்கக் குறைவுதான் காரணம் என்று தங்கள் பத்திரிகையைப் படித்து நம்புகிறார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த விளம்பரங்களுக்கு நடுவே ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்: பிரித்தானியாவில் இனத்துவேஷத் தாக்குதலை வெறுப்புக் குற்றமாகப் பொலிஸில் முறையிடலாம்; ஆபத்து நேரத்தில் 999, மற்ற வேளையில் 101. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மாணவர்களையும் காக்கிறது. பல்கலைக்கழகம் முறைப்பாட்டைச் சரியாகக் கவனிக்காவிட்டால், அதன் நடைமுறை முடிந்த பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாணவர் முறைப்பாடுகளுக்கென உள்ள சுயாதீன அலுவலகத்துக்குப் போகலாம். இவ்வளவும் நாலு விரற்கடை இடத்தில் அடங்கும். அடுத்த தவணைக்குப் பிள்ளைகள் புறப்படுமுன் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.