உச்சவிலை வேறு, அரசு வாங்கும் விலை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துகளுக்கு உச்சவிலை, அதாவது இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற விலை, நிர்ணயம் என்று செய்தி வந்தாலே அரசின் மருந்துச் செலவும் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அப்படி நினைக்க இடமில்லை.

2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஒரு மருந்தின் விற்பனையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகள் கடைக்காரருக்குப் போடும் விலைகளின் சராசரியோடு 16 சதவீத லாபம் சேர்த்தால் உச்சவிலை. ஒரு மாத்திரையை மூன்று கம்பெனிகள் 2, 4, 9 ரூபாய்க்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 5, உச்சவிலை 5 ரூபாய் 80 காசு, ஜிஎஸ்டி தனி. தயாரிக்க என்ன செலவாகிறது என்ற கேள்வியே இதில் கிடையாது. 1995 ஆணையில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். லாபமும் சதவீதக் கணக்கு என்பதால் விலை கூடிய பிராண்டை விற்றால்தான் கடைக்கு நாலு காசு.

விலையை உண்மையில் இறக்குவது டெண்டர். 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கம்பெனி வைத்த பிராண்டுப் பெயரைப் பார்க்காமல், மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக்) கேட்கிறது. தகுதிக்கு ஒரு கவர், விலைக்கு ஒரு கவர். பேட்ச் வாரியாக மாதிரி ஆய்வகத்துக்குப் போய்த் தேறி வந்தால்தான் கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறும். ஆஸ்பத்திரிகள், தங்களுக்கு ஒதுக்கிய தொகையைக் குறித்த பாஸ்புக்கில் உள்ள அளவுக்கு எடுத்துக்கொள்கின்றன. இந்தக் கட்டம்வரை முறையில் பழுதில்லை.

கிடங்கில் இருப்பு தீரும்போதுதான் பணம் ஒழுகுகிறது. உடனே 'லோக்கல் பர்ச்சேஸ்', அதாவது ஆஸ்பத்திரியே உள்ளூரில் வாங்கிக்கொள்வது. எம்ஆர்பியில் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கொட்டேஷன் கேட்டால் என்ன ஆகும்? அட்டையில் 100 ரூபாய் அச்சடித்தவர் 40 சதவீதம் தள்ளினால் 60 ரூபாய். அதே மருந்துக்கு 40 ரூபாய் அச்சடித்தவர் 10 சதவீதம் தள்ளினால் 36 ரூபாய். கோப்பில் ஜெயிப்பவர் 40 சதவீதக்காரர்! இருப்பு ஏன் தீர்கிறது என்பதும் வேடிக்கைதான். போன வருடம் வழங்கிய அளவை வைத்து இந்த வருடத் தேவையைப் போடுகிறார்கள். இரண்டு மாதம் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் இல்லாமல், வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இரண்டு மாதமும் பதிவேட்டில் பூஜ்யம். அடுத்த இண்டென்ட்டும் (கேட்கும் தேவை அளவும்) குறைந்துவிடும். வழங்கியதோடு, இல்லையென்று திருப்பி அனுப்பிய சீட்டுகளையும் எண்ண வேண்டும்.

பணம் திருப்பித் தரும் திட்டங்களில் கோளாறு வேறு மாதிரி. முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று மருந்தும் சேர்த்தே பேக்கேஜ். மருந்தில் மிச்சம் பிடித்தால் ஆஸ்பத்திரிக்கு லாபம் என்பதால், உறவினர் கையில் சீட்டைக் கொடுத்து வெளியே வாங்கிவரச் சொல்லும் இடங்கள் உண்டு. அரசு ஒருமுறை கொடுத்ததற்குக் குடும்பம் மறுமுறை கொடுக்கிறது. மணலி, எண்ணூர் தொழிலாளர்களின் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பில்லிலோ, வெளியில் வாங்கிய மருந்துக்கு ரசீதில் உள்ள தொகையைப் பார்க்கிறார்களே தவிர, அதே மூலப்பெயரில் மலிவானது இருந்ததா என்று பார்ப்பதில்லை. சர்க்கரை நோய் மருந்துகளான மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் தனித்தனியே உச்சவிலைப் பட்டியலில் இருக்கின்றன; இரண்டையும் ஒரே மாத்திரையாக்கினால் அந்தப் பட்டியலில் இல்லை, வருடத்துக்கு 10 சதவீதம்வரை ஏற்றிக்கொள்ளலாம். பில்லில் அடிக்கடி வருவது அந்தக் கூட்டு மாத்திரைதான்.

வழி இல்லாமல் இல்லை. லோக்கல் பர்ச்சேஸுக்கும் ரசீதுப் பணத்துக்கும் எம்ஆர்பியை விட்டுவிட்டு, கழகத்தின் டெண்டர் விலையோடு ஒரு மாத்திரைக்கு இத்தனை காசு என்று நிலையான கூடுதல் வைத்து வரம்பு கட்டலாம். டெண்டரில் இல்லாத மருந்துக்கு, மலிவு விலையில் மருந்து விற்க 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களின் விலையை அளவாக வைக்கலாம். சப்ளையருக்குப் பணத்தையும் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் அந்த வட்டியையும் சேர்த்துத்தான் அடுத்த டெண்டரில் விலை போடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.