பழைய லென்ஸ்களை வீசிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கியதும் வலசை வரும் பறவைகளின் படங்கள் பத்திரிகைகளிலும் கைத்தொலைபேசிகளிலும் நிறைந்துவிடுகின்றன. அவற்றைப் பார்க்கும் இளைஞர்களிற் பலர், இயற்கையைப் படம்பிடிக்கப் பல இலட்சம் ரூபாய் பெறுமதியான நீண்ட லென்ஸ் வேண்டும் என்று எண்ணி, ஆசையை அத்துடன் விட்டுவிடுகிறார்கள். அதே வேளையில், மூடப்பட்ட ஸ்ரூடியோக்களின் அலுமாரிகளிலும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுச்சென்ற தோல் உறைகளிலும் பிலிம் காலத்து லென்ஸ்கள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. வீடு துப்புரவாக்கும்போது அவை பழைய இரும்பு வாங்குபவரிடம் போவதும் உண்டு. கையிலுள்ள டிஜிட்டல் கமராவில் அந்த லென்ஸ்களைப் பூட்டி, நம் வளவுகளிலுள்ள செடிகொடிகளையும் பூச்சிகளையும் படம்பிடிக்கலாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு கமரா வகையிலும், லென்ஸ் பூட்டப்படும் வளையத்துக்கும் பிலிம் (டிஜிட்டல் கமராவில் ஒளியைப் பதியும் உணரி) இருக்கும் தளத்துக்கும் இடையிலான தூரம் திட்டமாக வரையறுக்கப்பட்டது. 1975இல் பென்டக்ஸ் நிறுவனம் ‘கே மவுண்ட்’ என்ற தனது புதிய பூட்டும் முறைக்கு மாறும்வரை பயன்படுத்திய டக்குமார் லென்ஸ்களிற் பலவும், சோவியத் தயாரிப்பான ஸெனிற் கமராவுடன் வந்த ஹீலியோஸ் லென்ஸ்களிற் பலவும் எம்42 எனப்படும் திருகாணி வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு இத்தூரம் 45.46 மில்லிமீற்றர். உள்ளே ஆடி இல்லாத இன்றைய ‘மிரர்லெஸ்’ கமராக்களில் இது மிகக் குறைவு, சொனி ஈ மவுண்டில் 18 மில்லிமீற்றர் மட்டுமே. எஞ்சிய தூரத்தை நிரப்புவதற்குக் கண்ணாடி எதுவுமில்லாத வெற்று உலோக வளையம் போதும் என்பதால்தான் அடப்டர் எனப்படும் இந்த இணைப்பு வளையம் மலிவாகக் கிடைக்கிறது. உள்ளே ஆடியுள்ள வகையான பழைய கெனன் டிஎஸ்எல்ஆர் கமராவில் அத்தூரம் 44 மில்லிமீற்றர், ஆகவே மெல்லிய வளையமொன்றே போதும். நிக்கோன் டிஎஸ்எல்ஆர் கமராவிலோ அது 46.5 மில்லிமீற்றர் என்பதால் தொலைவிலுள்ள காட்சி தெளிவடையாது. ஆனால் அருகிலுள்ள பூவைப் படம்பிடிப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல.

அருகிலுள்ளவற்றைப் பற்றியே நான் வற்புறுத்த விரும்புகிறேன். தேசிமரத்திலும் கறிவேப்பிலையிலும் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன, எருக்கலை இலையில் வரிப்புழுக்கள் மேய்கின்றன, கிணற்றடி ஈரத்தில் தும்பிகள் வந்து அமர்கின்றன, கார்த்திகை மாதத்தில் வேலியோரக் கார்த்திகைப்பூ மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. 58 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள ஹீலியோஸ் லென்ஸ் அரை மீற்றருக்குக் கிட்டவுள்ளதைத் தெளிவாகக் காட்டமாட்டாது; அதற்கும் கமராவுக்கும் இடையில் 28 மில்லிமீற்றர் நீளமான வெற்றுக் குழாயொன்றைப் பூட்டினால், பொருளின் உருவம் ஏறத்தாழ அதன் பாதியளவில் உணரியில் விழும். அதாவது நான்கு சென்றிமீற்றர் நீளமான புழு, ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய வகை உணரியின் அகலத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். இவ்வளவு கிட்டத்தில், லென்ஸுக்குள் ஒளி புகும் துவாரத்தை எஃப் 8 என்ற அளவு வரை சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் இரண்டு மில்லிமீற்றர் அளவே. கமரா தானாகவே தெளிவுபடுத்தும் தானியங்கிக் குவியம் பழைய லென்ஸ்களில் இல்லை; இருந்திருந்தாலும் அது இங்கே எந்த இலையைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடும். மிகக் கிட்டத்தில் படம்பிடிப்பதற்கான விலையுயர்ந்த மக்ரோ லென்ஸ் வைத்திருப்பவர்களும் தானியங்கியை நிறுத்திவிட்டுக் கையால் லென்ஸின் குவிய வளையத்தைத் திருப்புவது வழக்கம். வளையத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடலை மெல்ல முன்னே சாய்த்து, புழுவின் கண் தெளிவடையும் கணத்தில் ஷட்டரை அழுத்துவது அதைவிட இலகு. ஆகவே தானியங்கி இல்லையே என்று பழைய லென்ஸை ஒதுக்குவதற்கு, இவ்வேலையைப் பொறுத்தவரை, நியாயமில்லை.

தொடங்குபவர்களைத் திகைக்கவைக்கும் சில சிறு தடைகள் உண்டு. லென்ஸ் பூட்டப்படவில்லை என்று கமரா மறுத்தால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் தெரிவை அதன் மெனுவில் இயக்கவேண்டும். லென்ஸின் பக்கவாட்டில் ‘ஏ’, ‘எம்’ என்று குறித்த சிறு விசை இருந்தால் அதை ‘எம்’ பக்கம் தள்ளவேண்டும். இல்லாவிடில் துவாரம் சுருங்காது. துவாரத்தை நாம் தீர்மானித்து ஷட்டர் வேகத்தைக் கமராவிடம் விடும் முறையே பொருத்தமானது.

இவற்றின் குறைகளை மறைக்க நான் முயலவில்லை. அக்காலத்து லென்ஸ்கள் பலவற்றில் ஒளி தெறிப்பதைக் குறைக்கும் பூச்சு ஒரு படையே உள்ளதால், நண்பகல் வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் வெளிறிப்போகும். கறுப்புக் கடதாசியைச் சுருட்டி முன்னால் மாட்டினாலே பெருமளவு திருந்தும். ஹீலியோஸை முழுத் துவாரத்தில் வைத்தால் பூவரசு இலைப் பின்னணி சுழல்வதுபோல் தோன்றும். அதை விரும்பித் தேடுவோர் பலர், எனக்கோ இரண்டாவது படத்திலேயே சலித்துவிடுகிறது.

பறவைகளுக்கு இவை ஏற்றவை அல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். பழைய லென்ஸ்களில் எளிதாகக் கிடைக்கும் 135 மில்லிமீற்றர் லென்ஸில் கடனீரேரியின் நடுவே நிற்கும் பூநாரை ஒரு புள்ளியாகவே விழும். அக்குறையை நிரப்பச் சேற்றில் இறங்கிக் கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடுவோர் இருக்கிறார்கள். நெடுந்தூரம் பறந்து வந்து இரைதேடும் பறவையின் சக்தியை ஒரு படத்துக்காக வீணாக்குவது, 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்திலாயினும், அராலி வெளியிலாயினும் ஏற்கத்தக்கதல்ல. குறுகிய லென்ஸ் வைத்திருப்பவர் அங்கே நீரையும் கண்டலையும் வானத்தையும் எடுக்கலாம்.

நம் ஊர்க் கடற்காற்றும் மாரி ஈரமும் லென்ஸுக்குப் பகை. தோல் உறை ஈரத்தைப் பிடித்துவைப்பதால் அதிலிருந்து வெளியே எடுத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதே நல்லது. வாங்குமுன் கைவிளக்கை ஒரு பக்கத்தில் பிடித்து மறுபக்கத்தால் பார்த்தால், சிலந்தி நூல்போன்ற பூஞ்சணம் தெரிந்துவிடும். சில டக்குமார் லென்ஸ்களின் கண்ணாடி மஞ்சளித்திருப்பது வேறு விடயம்: அக்கண்ணாடியில் கதிர்வீச்சை வெளியிடும் தோரியம் என்ற உலோகம் கலந்திருப்பதே காரணம். சில நாட்கள் வெயில் காட்டினால் அந்நிறம் பெரிதும் குறையும். ஆனால் வெயிலைக் குவித்து எதையும் எரித்துவிடாதபடி பின்மூடியைப் பூட்டிவைக்கவேண்டும். தோரியம் கலந்திருப்பதால் அத்தகைய லென்ஸைப் பாகம் பாகமாகக் கழற்றவோ கண்ணாடியைத் தேய்க்கவோ கூடாது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. வாசகர் படங்களை வெளியிடும்போது பறவைகளுக்குக் கொடுக்கும் இடத்திற் சிறுபகுதியையேனும் பூச்சிகளுக்கும் செடிகொடிகளுக்கும் ஒதுக்கி, எடுத்த இடத்தையும் மாதத்தையும் படத்தின் கீழ் அச்சிடவேண்டும். அத்துடன், லென்ஸைக் கழற்றிப் பூஞ்சணம் துடைத்து மீண்டும் பூட்டத் தெரிந்த பழைய ஸ்ரூடியோத் தொழிலாளர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தங்கள் நிருபர்கள் சந்தித்து, அவ்வேலை செய்யப்படும் முறையைப் படங்களுடன் எழுதவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.